பழைய கட்டடத்துல சர்வீஸ்டு ஆபிஸ்: கட்டடத்த விடுங்க, ரூம பாத்து முடிவு பண்ணுங்க

கேள்வி சுருக்கமா இதுதான். எட்டு பேர் இருக்கிற கம்பெனி, நாள் பூரா கிளையண்ட் கூட வீடியோ கால். சிட்டி நடுவுல நூறு வருஷத்துக்கு மேல பழசான ஒரு அழகான கட்டடத்துல சர்வீஸ்டு ஆபிஸ் (மேஜை நாற்காலி, நெட்டு, ரிசெப்ஷன் எல்லாத்தோடயும் ரெடியா வாடகைக்கு விடுற ரூம்) பாத்திருக்கீங்க. ரெண்டு ரூம் காட்டியிருக்காங்க, ஒண்ணு முதல் மாடில ரோட்ட பாத்த பெரிய ரூம், இன்னொண்ணு உச்சி மாடில கூரைக்கு அடியில இருக்கிற, வாடகை கம்மியான ரூம். 24 மாசத்துக்கு கையெழுத்து போட்டா நல்ல டிஸ்கவுண்ட் தர்றோம்னு சொல்றாங்க. எடுக்கலாமா, எத பாக்கணும்னு கேட்டிருக்கீங்க.

எடுக்கலாம். ஆனா 24 மாசத்துக்கு இப்பவே போடாதீங்க, ரூம இன்னொரு தடவ போய் பாக்காமலும் போடாதீங்க. நான் ரொம்ப வருஷமா சின்ன கம்பெனிகளுக்கு ஆபிஸ் இடம் பாத்து பேசி முடிச்சு குடுக்கிற வேலைலதான் இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

இந்த மாதிரி இடத்துல ரெண்டு பக்கமும் கை கட்டியிருக்கும், அத மொதல்ல புரிஞ்சுக்கணும். சர்வீஸ்டு ஆபிஸ்னா உங்களால ரூம்ல எதையும் மாத்த முடியாது, செவுத்துல ஒரு ஆணி அடிக்கணும்னாகூட கேக்கணும். பழைய கட்டடம்னா, முக்கியமா அரசாங்கத்தோட பாரம்பரியக் கட்டட பட்டியல்ல இருந்தா, அந்த ஆபிஸ நடத்துறவங்களாலயும் சுலபமா எதையும் மாத்த முடியாது. ஜன்னல் மாத்த முடியாது, ஏசி யூனிட்ட வெளிச்செவுத்துல மாட்ட முடியாது, ரூம்க்கு நடுவுல இருக்கிற செவுத்த இடிக்க முடியாது. அப்போ முதல் நாள் அந்த ரூம்ல என்ன குறை இருக்கோ அது நீங்க காலி பண்ற நாள் வரைக்கும் அப்படியேதான் இருக்கும். சாதாரண ஆபிஸ்ல "அப்புறம் சரி பண்ணிக்கலாம்"னு சொல்லிக்கலாம், இங்க அந்த "அப்புறம்" கிடையாது. நான் கீழ சொல்றது எல்லாமே இதுலேர்ந்துதான் வருது.

பட்டியல் விஷயம் ஒவ்வொரு ஊர்லயும் வேற மாதிரி. இங்கிலாந்துல கிரேட் ஒன், கிரேட் டூ ஸ்டார், கிரேட் டூன்னு மூணு வகை, 90 சதவீதத்துக்கு மேல கடைசி வகைதான், ஆனா கடைசி வகைன்னா லேசுன்னு நெனைக்காதீங்க, கட்டடத்தோட உள்பக்கமும் சேத்துதான் பாதுகாப்பு, அனுமதி இல்லாம மாத்துனா 1990 சட்டப்படி கிரிமினல் குத்தம், ஜெயில் தண்டனை வரைக்கும் இருக்கு. நியூயார்க்ல 1965லேர்ந்து லேண்ட்மார்க் சட்டம் இருக்கு, மும்பைல 1995ல ஹெரிடேஜ் விதிமுறைகள் வந்துச்சு, தமிழ்நாட்டுல ஹெரிடேஜ் கமிஷனுக்கு 2012ல சட்டம் போட்டாங்க. உங்க ஊர்ல எதுவா இருந்தாலும் கேள்வி ஒண்ணுதான்: கட்டடம் பட்டியல்ல இருக்கா, இருந்தா வெளிப்பக்கம் மட்டுமா இல்ல உள்ளயும் சேத்தா? புரோக்கர்ட்ட வாயால கேக்காம மெயில்ல கேளுங்க.

இப்போ காண்ட்ராக்ட். இதுலதான் நிறைய பேர் கோட்ட விடுறாங்க. வாடகை ஒப்பந்தம்னு நம்ம மனசுல இருக்கிறது லீஸ், அதாவது அந்த இடம் குறிப்பிட்ட காலத்துக்கு உங்க கைல, ஓனரே வந்தாலும் கேட்டுட்டுதான் உள்ள வரணும். சர்வீஸ்டு ஆபிஸ்ல பெரும்பாலும் தர்றது லைசென்ஸ், இடத்த பயன்படுத்திக்க ஒரு அனுமதி, அவ்வளவுதான். ஹோட்டல் ரூம் மாதிரின்னு வெச்சுக்கங்க, சாவி உங்ககிட்ட இருக்கும், ரூம் அவங்களோடது. இந்தியால 1882 ஈஸ்மெண்ட்ஸ் சட்டம் 52வது பிரிவுதான் லைசென்ஸ் என்னன்னு சொல்லுது. இங்கிலாந்துல 1954 சட்டப்படி பிசினஸ் வாடகைதாரருக்கு காலம் முடிஞ்சதும் புதுப்பிச்சு கேக்கிற உரிமை உண்டு, லைசென்ஸ்ல இருக்கிறவருக்கு அது கிடையாது.

மேல என்ன பேர் எழுதியிருந்தாலும் உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு கோர்ட்டுங்க பல தடவ சொல்லியிருக்கு. 1959ல இந்திய சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த அசோசியேட்டட் ஹோட்டல்ஸ் கேஸ் இதுக்கு நல்ல உதாரணம், டெல்லி இம்பீரியல் ஹோட்டல்ல முடி திருத்துற கடை நடத்துனவரோட பத்திரத்துல லைசென்ஸ்னு எழுதியிருந்துச்சு, ஆனா இடம் முழுசா அவர் கைல இருந்ததால அது லீஸ்தான்னு பெரும்பான்மை தீர்ப்பு வந்துச்சு. இங்கிலாந்துல 1985ல ஸ்ட்ரீட் - மவுண்ட்ஃபோர்ட் தீர்ப்பும் கிட்டத்தட்ட அதே வழிதான். ஆனா இத நம்பி கையெழுத்து போட்றாதீங்க, இந்த தீர்ப்பையெல்லாம் நல்லா தெரிஞ்சவங்கதான் இன்னைக்கு காண்ட்ராக்ட் எழுதுறாங்க, இடம் முழுசா உங்க கைல இல்லன்னு காட்றதுக்குன்னே ஒரு வரி வெச்சிருப்பாங்க.

அந்த வரிதான் நீங்க தேட வேண்டியது. "தேவைப்பட்டா இதே அளவுள்ள வேற ரூமுக்கு உங்கள மாத்தலாம்"னு இருக்கும். நடுவுல நாலஞ்சு பக்கம் தள்ளி, விளக்கு எரியலன்னா யார்ட்ட சொல்லணும்ங்கிற மாதிரி விஷயங்களுக்கு பக்கத்துல போட்டிருப்பாங்க. புது கண்ணாடி கட்டடத்துல இது பெரிய விஷயம் இல்ல, ஏழாவது மாடி ரூமும் எட்டாவது மாடி ரூமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பழைய கட்டடத்துல எந்த ரெண்டு ரூமும் ஒண்ணு கிடையாது! ஒண்ணுல ஜன்னல் பத்தடி உயரம், இன்னொண்ணுல ஜன்னலே வெண்டிலேட்டர் சைசு, ஒண்ணுல குளிருக்கு தீ மூட்டுற பழைய கணப்பு மேடை செவுத்துலேர்ந்து ரெண்டடி முன்னாடி நீட்டிட்டு நிக்கும், இன்னொண்ணுல பழைய படிக்கட்டு மூலைய தின்னிருக்கும். சதுர அடி கணக்குல "இதே அளவு"ன்னு சொல்லி முதல் மாடி பெரிய ரூம்லேர்ந்து பின்பக்கத்துல வெளிச்சம் இல்லாத ரூமுக்கு உங்கள அனுப்புனா காண்ட்ராக்ட் படி அவங்க பண்ணது சரிதான். அதனால ரூம் நம்பர காண்ட்ராக்ட்லயே எழுதச் சொல்லுங்க. அந்த வரிய எடுக்க மாட்டோம்னு சொன்னா (பெரும்பாலும் அப்படித்தான் சொல்வாங்க), "மாத்துனா 30 நாள் நோட்டீஸ்ல எந்த அபராதமும் இல்லாம நாங்க வெளிய போகலாம், அட்வான்ஸ் முழுசா திரும்ப வரணும்"னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. இத நிறைய இடத்துல ஒத்துக்கிறாங்க, கேட்டாத்தான் கெடைக்கும்.

இன்னொரு வரி நோட்டீஸ் பத்தினது. காலம் முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடி எழுத்துல சொல்லலன்னா அதே காலத்துக்கு தானா புதுப்பிச்சுக்கும்னு இருக்கும். 24 மாசம் போட்டீங்கன்னா 21வது மாசம் நீங்க மறந்தா இன்னொரு 24 மாசம் மாட்டுவீங்க. தானா புதுப்பிக்கிறதே வேணாம்னு கேளுங்க, இல்லன்னா மாசத்துக்கு மாசம்னு மாத்தச் சொல்லுங்க, அதுவும் முடியலன்னா கையெழுத்து போட்ட அன்னைக்கே அந்த தேதிய எட்டு பேரோட காலண்டர்லயும் போட்டு வைங்க.

அப்புறம் இந்த ஆபிஸ நடத்துறவங்க யாரு, கட்டட ஓனர் யாருன்னு கேளுங்க. ரெண்டும் ஒரே ஆளா இருக்கிறது குறைவு. பெரும்பாலும் அவங்களே ஓனர்ட்ட மொத்தமா லீஸ் எடுத்து நமக்கு ரூம் ரூமா உள்வாடகைக்கு விடுறவங்கதான். அவங்க லீஸ் முடிஞ்சாலோ அவங்க பணம் கட்டாம விட்டாலோ உங்க லைசென்ஸ் காத்துல போயிரும். இது சும்மா பயமுறுத்துறது இல்ல, 2010ல ஆரம்பிச்சு உலகம் பூரா பரவுன வீவொர்க்ங்கிற இதே மாதிரி ஆபிஸ் கம்பெனி 2023 நவம்பர்ல அமெரிக்கால திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போச்சு, அந்த சமயத்துல பல கட்டடங்களோட லீஸ அவங்க கை கழுவுனாங்க, உள்ள இருந்த சின்ன கம்பெனிகள் வேற இடம் தேட வேண்டியதாச்சு. அவ்வளவு பெரிய பேருக்கே அப்படின்னா ஒரே ஒரு கட்டடத்த வெச்சு நடத்துறவங்கள பத்தி விசாரிக்காம விடலாமா? "உங்க லீஸ் எந்த வருஷம் வரைக்கும், இடையில ஓனர் உங்கள வெளிய அனுப்ப முடியுமா, எங்க அட்வான்ஸ் தனி அக்கவுண்ட்ல இருக்குமா"ன்னு மூணு கேள்வி. நேர்மையா நடத்துறவங்க தயங்காம சொல்வாங்க.

பணத்த பத்தி. தலைக்கு இவ்வளவு, இல்ல ரூமுக்கு இவ்வளவுன்னு ஒரே தொகையா சொல்லும்போது எல்லாம் அதுல அடக்கம்னு தோணும். வாடகை, கரண்ட், கிளீனிங், ரிசெப்ஷன், மேஜை நாற்காலி, அடிப்படை நெட், இதெல்லாம் பொதுவா அடக்கம்தான். மீட்டிங் ரூம் மாசத்துக்கு இத்தன மணி நேரம்னு ஒரு அளவு, அதுக்கு மேல காசு. பிரிண்ட் பக்கத்துக்கு காசு. சாயங்காலத்துக்கு மேலயும் லீவு நாள்லயும் ஏசியோ ஹீட்டரோ ஓடணும்னா சில இடத்துல தனி காசு. ஒன்பதாவது ஆள் சேந்தா அதே ரூம்ல உக்காந்தாலும் தலைக்கணக்குல ஏறும். வருஷத்துக்கு ஒரு தடவ ஏத்துறது எத்தன சதவீதம்னு எழுதியிருக்கான்னு பாருங்க, "அப்போதைய விலைப்பட்டியல் படி"ன்னு மட்டும் இருந்தா அது அவங்க இஷ்டம்னு அர்த்தம். காலி பண்ணும்போது ரூம பழைய நிலைக்கு கொண்டு வர்ற செலவுன்னு சதுர அடிக்கு ஒரு தொகை பிடிப்பாங்க, நீங்க ஒரு கீறல்கூட போடலன்னாலும் பிடிப்பாங்க, அத சாதாரண தேய்மானம் கணக்குல வராதுன்னு பேசி எடுக்கப் பாருங்க. போன பிறகு உங்க பேருக்கு வர்ற தபால மூணு மாசம் வாங்கி வைக்கிறதுக்கு கட்டாய சார்ஜ் போடுற இடமும் உண்டு. இதையெல்லாம் கூட்டி மாசக்கணக்குல போட்டு அதுக்கப்புறம் டிஸ்கவுண்ட பாருங்க, அப்போ அந்த டிஸ்கவுண்ட் எவ்வளவு சின்னதுன்னு தெரியும்.

கணக்கு பாக்கிறவர்ட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க. ஐஎஃப்ஆர்எஸ் 16ங்கிறது 2019லேர்ந்து நடப்புல இருக்கிற சர்வதேச கணக்கு விதி, 12 மாசத்துக்கு மேல போற லீஸ் பேலன்ஸ் ஷீட்ல ஏறும், 12 மாசமோ அதுக்குள்ளயோன்னா ஏத்தாம விட்டுக்கலாம். உங்க கம்பெனி அந்த விதிக்கு கீழ வருதாங்கிறது அவருக்குத்தான் தெரியும்.

இனி ரூம். ரெண்டாவது தடவ போறப்ப வேலை நாள்ல, நீங்க வழக்கமா கால் பேசுற நேரத்துல போங்க. புரோக்கர்ட்ட சொல்லி அந்த ரூம்ல அரை மணி நேரம் உங்கள தனியா விடச் சொல்லுங்க. கதவ சாத்துங்க, ஜன்னல சாத்துங்க, நாலு பேர் உக்காந்து ரெண்டு பேர் ஒரே சமயத்துல வேற வேற கால் பேசிப் பாருங்க. உசரமான சீலிங், வழுவழுன்னு பூச்சு செவுரு, மரத்தளம், பெரிய கண்ணாடி, இந்த நாலும் சேந்தா குரல் எதிரொலிக்கும், எதிர்ல இருக்கிற கிளையண்டுக்கு நீங்க கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாதிரி கேக்கும். சத்தத்த உறிஞ்சுற பேனல செவுத்துல அடிக்க விட மாட்டாங்க. தரையில நிக்கிற தடுப்பு, கனமான கம்பளம், துணி சோபா, புத்தக அலமாரி, இதுல எதெல்லாம் கொண்டு வர விடுவாங்கன்னு அங்கயே கேட்டுக்கங்க. உங்க தொழிலே கால்தான்ங்கிறதால இத நான் மத்த எல்லாத்தையும்விட மேல வைப்பேன்.

மேல்மாடில யாராவது நடந்தா கேக்குதான்னும் கவனிங்க. பழைய மரத்தளத்துல பலகைக்கு அடியில வெறும் உத்தரமும் காத்தும்தான், ஒருத்தர் செருப்பு போட்டு நடந்தாலே கீழ எண்ணலாம். ரோட்டு சத்தம் ஜன்னல் வழியா வருதுன்னா, ஜன்னலுக்கு உள்பக்கம் இன்னொரு கண்ணாடி சட்டம் போட்டிருக்காங்களான்னு பாருங்க, பட்டியல்ல இருக்கிற கட்டடத்துலயும் இதுக்கு பெரும்பாலும் அனுமதி கெடைக்கும், ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல 10 சென்டிமீட்டராவது இடைவெளி இருந்தா சத்தம் நல்லாவே கொறையும். அது இல்லாம முன்பக்க ரூம்ல கால் செண்டர் மாதிரி பேசுறது கஷ்டம்.

ஜன்னல திறந்து பாருங்க, உண்மையிலயே கைய வெச்சு தூக்கிப் பாருங்க. மேலயும் கீழயும் நகர்ற பழைய மர ஜன்னல்கள்ல பல வருஷமா பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு சட்டம் ஒட்டிப் போயிருக்கும், இல்ல உள்ள இருக்கிற கயிறு அறுந்து ஒரு கட்டைய முட்டுக் குடுத்து வெச்சிருப்பாங்க. பழைய கட்டடத்துல புதுக்காத்து வர்ற வழி பெரும்பாலும் ஜன்னல் மட்டும்தான், ஜன்னல் திறக்கலன்னா எட்டு பேர் விடுற மூச்சு ரூம்லயே சுத்தும். ஒரு ஆளுக்கு வினாடிக்கு 10 லிட்டர் புதுக்காத்துங்கிறது ஆபிஸ்களுக்கு பரவலா சொல்ற அளவு. சின்ன கார்பன் டைஆக்சைடு மீட்டர் ஒண்ணு கொண்டு போங்க, ஆள் நெறைஞ்ச ரூம்ல 1500 பிபிஎம்முக்கு மேல காட்டுச்சுன்னா அந்த ரூம்ல மதியத்துக்கு மேல எல்லாருக்கும் தலை பாரமா இருக்கும்.

இதோட சேந்தது ஆள் கணக்கு. சீலிங் 12 அடி இருக்கு, தாராளமா பத்து பேர் உக்காரலாம்னு சொல்வாங்க. பிரிட்டன்ல வேலையிட விதிகளுக்கான வழிகாட்டுதல்ல ஒரு ஆளுக்கு குறைஞ்சது 11 கன மீட்டர்னு சொல்றாங்க, ஆனா சீலிங் எவ்வளவு உசரமா இருந்தாலும் 3 மீட்டர் வரைக்கும்தான் கணக்கு, அதுக்கு மேல இருக்கிற காலி இடத்த எண்ணக்கூடாது. நியாயமான விதி, ஏன்னா யாரும் சீலிங் பக்கத்துல உக்கார்றதில்ல. நீங்க எந்த நாட்டுல இருந்தாலும் தரையத்தான் அளக்கணும். மேஜை, நாற்காலி தள்ற இடம், கதவு திறக்கிற இடம், கணப்பு மேடை நீட்டிட்டிருக்கிற இடம் எல்லாம் கழிச்சு.

வெயில், குளிர் விஷயத்துல தடிச்ச செங்கல் செவுரு மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் ஆறும், இது பாதி நல்லது பாதி கெட்டது. வெயில் காலத்துல காலைல இதமா இருக்கும், குளிர் ஊர்ல சனி ஞாயிறு ஹீட்டர் அணைச்சு வெச்சா திங்கக்கெழம மத்தியானம் வரைக்கும் ஜில்லுன்னே இருக்கும். செவுத்தவிட கண்ணாடிதான் பிரச்சனை, ஒத்தக் கண்ணாடி ஜன்னல் வழியா உள்ளயும் வெளியயும் இருக்கிற ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு சதுர மீட்டருக்கு சுமார் 5 வாட் சூடு போகும், இன்னைக்கு போடுற நல்ல ரெட்டைக் கண்ணாடில அது ஒண்ணரை வாட்டுக்கு கிட்ட. ஜன்னல் பக்கத்து மேஜைல உக்கார்றவருக்கும் உள்பக்கம் உக்கார்றவருக்கும் ஏசி ரிமோட்ல தினமும் சண்ட வரும்.

நெட்டு. "கட்டடத்துல ஃபைபர் இருக்கு"ங்கிறதும் உங்க ரூம்ல வைஃபை வருதுங்கிறதும் வேற வேற. ரெண்டடி கல் செவுத்த தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் போறது கஷ்டம், 2.4 கொஞ்சம் பரவாயில்ல ஆனா வேகம் கம்மி. 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல கட்டுனதுல சில இடத்துல பூச்சுக்குள்ள கம்பிவலை இருக்கும், அது சிக்னல அப்படியே தடுத்துரும், மொபைல் டவரும் ஜன்னல் ஓரத்துல மட்டும்தான் எடுக்கும். அதனால கதவ சாத்திட்டு ரூமோட நாலு மூலைலயும் லேப்டாப்ல வேகம் பாருங்க, டவுன்லோட் மட்டும் இல்ல, வீடியோ காலுக்கு அப்லோடுதான் முக்கியம். உங்க மேஜைக்கு கேபிள் பாயிண்ட் இருக்கா, உங்க டிராஃபிக் பக்கத்து ரூம் கம்பெனிலேர்ந்து தனியா பிரிச்சிருக்கா, ஃபிக்ஸட் ஐபி (மாறாத நெட் முகவரி) கெடைக்குமான்னு கேளுங்க. கிளையண்ட் செக்யூரிட்டி ஆடிட் கேக்கிறப்ப பொது வைஃபைன்னு சொன்னா வேலை போயிரும்.

பிளக் பாயிண்ட எண்ணுங்க. எட்டு பேருக்கு லேப்டாப், மானிட்டர், சார்ஜர்னு ஆளுக்கு மூணு வெச்சா 24 வேணும், பழைய ரூம்ல செவுத்தோரமா நாலு இருக்கும், மீதி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். ஒயரிங் கடைசியா எப்ப சோதிச்சாங்கங்கிற ரிப்போர்ட்ட வாங்கிப் பாருங்க.

வீடா இருந்து ஆபிஸா மாறின கட்டடம்னா எடைய பத்தியும் யோசிங்க, இத பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல. ஆபிஸ் தளத்த சதுர மீட்டருக்கு சுமார் 250 கிலோ தாங்குற மாதிரி வடிவமைக்கிறது வழக்கம், வீட்டுக்கு சுமார் 150தான். லேப்டாப்ல வேலை பாக்கிற எட்டு பேருக்கு இது ஒண்ணும் பண்ணாது, ஆனா ஃபைல் நெறைஞ்ச இரும்பு பீரோ வரிசையோ கனமான லாக்கரோ வைக்கப் போறீங்கன்னா கேக்காம வைக்காதீங்க.

லிஃப்ட். ஆள் ஏறுற லிஃப்ட் முதல் முதல்ல நியூயார்க்ல ஒரு கடைல 1857லதான் ஓட ஆரம்பிச்சுது, அதுக்கு முன்னாடி கட்டுனதுலயும் அப்புறம் ரொம்ப நாள் வரைக்கும் கட்டுன பலதுலயும் லிஃப்டுக்குன்னு இடமே கிடையாது, பின்னாடி படிக்கட்டுக்கு நடுவுல இருந்த ஓட்டைல ஒரு கூண்ட எறக்கியிருப்பாங்க, மூணு பேர் ஏறுனா மூச்சு முட்டும், சக்கர நாற்காலி போகவே போகாது. வாசல்ல நாலு படி வேற. மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் பத்தி பல நாட்டுல சட்டம் இருக்கு, இங்கிலாந்துல 2010, இந்தியால 2016, அமெரிக்கால 1990லயே. சட்டத்த விடுங்க, நாளைக்கு நீங்க எடுக்கப் போற நல்ல ஆள், உங்கள பாக்க வர்ற கிளையண்ட், இவங்கள்ல ஒருத்தர் படி ஏற முடியாதவரா இருந்தா அவங்களுக்கு நீங்க என்ன சொல்வீங்கன்னு இப்பவே யோசிச்சு வைங்க. எனக்கு இது சின்ன விஷயமா தோணல. உச்சி மாடின்னா தீ பிடிச்சா எறங்குற ரெண்டாவது வழி எதுன்னு நேர்ல நடந்து பாருங்க, ஒத்த மரப்படிக்கட்டு மட்டும்தான்னா அந்த மாடி வேணாம்.

ஓதம் இருக்கான்னு மூக்கால பாருங்க. அலமாரிய திறங்க, தரையோரமா செவுத்துல உப்பு பூத்திருக்கா, பெயிண்ட் கொப்பளிச்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க. பழைய செவுரு சுண்ணாம்புக் காரையில கட்டுனது, ஈரத்த உள்ள வாங்கி வெளிய விடும், அது மேல பின்னாடி யாரோ சிமெண்ட் பூசியிருந்தா ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே தங்கி ரூம் பக்கமா வரும். புதுசா பெயிண்ட் அடிச்ச ஒரே ஒரு செவுரு இருந்தா அத ரெண்டு தடவ பாருங்க.

கடைசியா சாரம். பழைய கட்டடத்தோட முகப்ப அடிக்கடி ரிப்பேர் பண்ணித்தான் ஆகணும், நியூயார்க்ல ஆறு மாடிக்கு மேல போனா சில வருஷத்துக்கு ஒரு தடவ முகப்ப சோதிக்கணும்னு சட்டமே இருக்கு. சாரம் கட்டி வலை போட்டாங்கன்னா நீங்க எந்த ஜன்னலுக்காக காசு குடுத்தீங்களோ அது மாசக்கணக்குல மூடியிருக்கும், சுத்தியல் சத்தத்துல கால் பேச முடியாது. லைசென்ஸ் காண்ட்ராக்ட்ல இதுக்கு வாடகை கொறைக்கிறது பொதுவா கிடையாது. "அடுத்த 12 மாசத்துல வெளிப்பக்க வேலை ஏதாவது திட்டமிருக்கா"ன்னு எழுதிக் கேளுங்க, நடந்தா இவ்வளவு கழிவுன்னு ஒரு வரி வாங்குங்க.

உங்க ரெண்டு ரூமுக்கு வர்றேன். பழைய மாடி வீடுகள்ல முதல் மாடிதான் விருந்தாளிகள உக்கார வைக்கிற எடம், அதனால உசரமும் ஜன்னலும் அங்கதான் அதிகம். உச்சி மாடி பெரும்பாலும் வேலைக்காரங்க தங்குன இடம், சரிவான கூரை, சின்ன ஜன்னல், வெயில் காலத்துல கூரைச் சூடு அப்படியே தலைல எறங்கும், சரிவுக்கு அடியில நிக்க முடியாத இடத்தையும் சதுர அடில சேத்திருப்பாங்க. வாடகை கம்மியா இருக்கிறதுக்கு காரணம் இருக்கு, எட்டு பேருக்கு நான் அத சொல்ல மாட்டேன். முன்பக்க ரூம் கிளையண்ட கூட்டிட்டு வந்து காட்ட அழகா இருக்கும், ஆனா உங்க கிளையண்ட்ஸ் உங்கள ஸ்கிரீன்ல பாக்கிறவங்க. அதனால அதே முதல் மாடிலயோ ரெண்டாவது மாடிலயோ பின்பக்கமா, ரோட்ட பாக்காத ரூம் இருக்கான்னு கேளுங்க, புரோக்கர் அத மொதல்ல காட்ட மாட்டார், பின்பக்கம் வாடகையும் கம்மி, கமிஷனும் கம்மி. அது கெடைச்சா அதுதான் உங்களுக்கு சரி. கெடைக்கலன்னா முன்பக்க ரூம்ல நான் மேல சொன்ன உள்பக்க கண்ணாடி சட்டம் இருந்தா மட்டும் எடுங்க.

காலத்துக்கு, 12 மாசம் கேளுங்க, அதுல 6வது மாசத்துக்கு அப்புறம் ரெண்டு மாச நோட்டீஸ்ல வெளிய போகலாம்னு ஒரு வரி கேளுங்க. டிஸ்கவுண்ட் போயிரும்னு சொல்வாங்க. 24 மாச டிஸ்கவுண்ட விடாதீங்க, "12 மாசம் முடிஞ்சு நாங்க தொடர்ந்தா அந்த விலைக்கே குடுங்க"ன்னு கேளுங்க, ரூம் ரெண்டு மூணு மாசமா காலியா கெடந்தா ஒத்துக்குவாங்க. காலியா கெடக்குதான்னு கண்டுபிடிக்க ரிசெப்ஷன்ல இருக்கிறவங்கட்ட சும்மா பேச்சு குடுங்க, இதுக்கு முன்னாடி அந்த ரூம்ல யார் இருந்தா, எப்ப போனாங்க, ஏன் போனாங்கன்னு. கூடவே அதே மாடில இப்ப இருக்கிற ஒரு கம்பெனி கதவ தட்டி, நெட்டு எப்படி, லிஃப்ட் நின்னா எத்தன நாள்ல சரி பண்றாங்கன்னு கேட்டுட்டு அப்புறம் மெயில் போடுங்க.